பிடியரிசி



போன சனிக்கிழமையோடு எங்கள் அத்தை, அதாவது என் மாமியார், கர்த்தருக்குள் நித்திரை அடைந்து ஒரு வருடம் ஆகிறது. வீட்டில் ஜெபம் வைத்திருந்தோம். வர முடியாதவர்கள் பலர் போனில் பேசினீர்கள், செய்தி அனுப்பினீர்கள். எல்லோருக்கும் நன்றி.

அந்தச் செய்திகளில் ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. எழுதியவள் மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்த பெண். இப்போது அவளுக்கே கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். "டீச்சர், ஆச்சியை அத்தனை வருஷம் நீங்க பொறுமையாப் பார்த்துக்கிட்டதை நினைச்சா ஆச்சரியமா இருக்கு. எங்களுக்குச் சொல்லித் தந்ததை வாழ்ந்தே காட்டிட்டீங்க" என்று எழுதியிருந்தாள். அன்போடுதான் எழுதினாள். ஆனால் தப்பான விடைக்கு யாரோ முழு மார்க் போட்டுவிட்ட மாதிரி எனக்கு இருந்தது. அதை அப்படியே வாங்கி வைத்துக்கொள்ள மனசு ஒப்பவில்லை. அதனால் நடந்ததை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு அது புதிது இல்லை.

ஓய்வுநாள் பள்ளியில் என்னிடம் படித்தவர்களுக்கு அந்தத் திராட்சைக் குலை நினைவிருக்கும். கரும்பலகையில் ஊதா சாக்பீஸால் ஒன்பது பழம் வரைவேன். கலாத்தியர் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில் பவுல் அப்போஸ்தலர் சொல்லும் ஒன்பதையும் பழத்துக்கு ஒன்றாக எழுதுவேன். மேலே பெரிய எழுத்தில் 'ஆவியின் கனிகள்' என்று தலைப்பு. பார்க்காமல் வரிசையாகச் சொல்லும் பிள்ளைக்கு ஒரு பென்சில். நீடிய பொறுமை என்றால் என்ன, இச்சையடக்கம் என்றால் என்ன என்று விளக்கமும் சொன்னால் பென்சிலோடு ரப்பரும் உண்டு. 27 வருடம் இப்படி நடத்தினேன். ஒன்பதுக்கும் விளக்கம் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

எங்கள் அத்தைக்கு அந்த ஒன்பதை வரிசையாகச் சொல்லத் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்கள். மெஞ்ஞானபுரம் பக்கம் ஒரு சிற்றூர். மாமா விடிவதற்கு முன்னாலேயே பனைக்குப் போய்விடுவார்கள். இறக்கி வந்த பதநீரை அத்தை காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவார்கள். பங்குனியிலும் சித்திரையிலும் அந்த அடுப்பு முன்னால் நின்று கிண்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வேலை என்னவென்று தெரியும்.

1984-இல் நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனேன். போன மூன்றாம் நாள் காலையில் அத்தை உலைக்கு அரிசி அளந்தார்கள். அளந்ததும், களைவதற்கு முன்னால், ஒரு பிடி அள்ளி மூலையில் இருந்த சின்ன மண்பானையில் போட்டார்கள். வாய்க்குள் "ஆண்டவரே" என்றார்கள். அவ்வளவுதான் ஜெபம். ராத்திரிச் சோற்றுக்கு அளக்கும்போதும் அதே மாதிரி ஒரு பிடி.

நம்மில் பலருடைய பாட்டிமார் இதைச் செய்ததுதான். பிடியரிசிக் காணிக்கை. சின்னப் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல் நம் திருநெல்வேலிச் சபையாரே ஆள் அனுப்பி, அவர்களுக்கு வேண்டியதைக் கொடுத்து நடத்த வேண்டும் என்பது நோக்கம். அதைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா. பிறகு 1912-இல் டோர்னக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் அவர்தான். அத்தையின் ஊர்க் கோயிலில் பிடியரிசி எல்லாம் மிஷனெரி ஊழியத்துக்குத்தான் போகும். ஞாயிற்றுக்கிழமை பெண்கள் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்து பெட்டியில் கொட்டுவார்கள். மிசோரம் சபைகளிலும் 1910 முதல் இதே பழக்கம் உண்டு. அவர்கள் மொழியில் அதற்குப் பெயரே 'ஒரு பிடி அரிசி' என்பதுதான். கையில் காசு புழங்காத வீட்டில்கூட அடுப்பு எரிந்தால் கொடுக்க ஒன்று இருக்கும் என்று கண்டுபிடித்தவர்கள் பெண்கள்.

கல்யாணம் ஆன அந்த வருடம் பதநீர் சரியாக இறங்கவில்லை. ஒரு நாள் அடிப்பானையைச் சுரண்டித்தான் அரிசி அளந்தோம். ஆறு பேருக்குக் கஞ்சிக்குத்தான் காணும். அன்றும் அத்தை ஒரு பிடி எடுத்தார்கள். "நமக்கே பத்தாதே அத்தை, சாப்பிட்டு மிஞ்சினா போடலாமே" என்றேன். "சாப்பிட்டு மிஞ்சினதைப் போட்டா அது மிச்சம், பிள்ள. முதல்ல எடுத்தாத்தான் காணிக்கை" என்றார்கள். சொல்லிவிட்டு அடுப்பை ஊதப் போய்விட்டார்கள். ட்ரெயினிங் முடித்த மருமகளுக்குப் பாடம் எடுத்தோம் என்ற நினைப்புகூட அவர்களுக்கு இல்லை.

பிறகு எங்களுக்கு வேலை பாளையங்கோட்டைப் பக்கம் ஆனது. தனி வீடு வந்தோம். முதலில் நானும் பிடியரிசி எடுத்தேன். பள்ளிக்கூடத்துக்கு ஓடும் அவசரத்தில் ஒரு நாள் விட்டது, இரண்டு நாள் விட்டது. அப்புறம் மாதம் ஒரு கவரில் பணமாகவே போட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம். கணக்குப் பார்த்தால் அரிசியைவிட அந்தப் பணம் அதிகம். அதனால் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

2017-இல் ஓய்வு பெற்றேன். 2019-இல் மாமா தவறிப்போனார்கள். அத்தையை எங்களோடு அழைத்து வந்தோம். வந்த சில மாதத்திலேயே மறதி கூடியது. வயதுக்கு வருகிற மறதி என்று நினைத்தோம். டாக்டர் பார்த்துவிட்டு டிமென்ஷியா என்றார். புதிதாக நடப்பது மனசில் பதியாது, பழையது இருக்கும், கை பழகின வேலைகள் இன்னும் அதிக நாள் நிற்கும் என்று விளக்கினார். இன்னொன்றும் சொன்னார்: "நடந்தது மறந்துபோகும்மா. ஆனா அதனால வந்த வருத்தம் தங்கும்." அதை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

அத்தை ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "உங்க மாமா பனையில இருந்து வந்தாச்சா?" காலையில் கேட்பார்கள், மதியம் கேட்பார்கள், விளக்கு வைத்தபின் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். முதல் முறை நான் உண்மையைச் சொன்னேன். அப்போதுதான் கேள்விப்பட்ட மாதிரி மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். கொஞ்ச நேரத்தில் மறந்துவிட்டு மறுபடியும் கேட்டார்கள்.

அடுத்தது அரிசி. நான் அரிசி அளக்கும் சத்தம் கேட்டால் எங்கே இருந்தாலும் அடுப்படிக்கு வந்துவிடுவார்கள். ஒரு பிடி அள்ளுவார்கள். அள்ளிவிட்டுப் பானையைத் தேடுவார்கள். எங்கள் வீட்டில் பானை ஏது? கையில் கிடைத்ததில் போடுவார்கள். சீனி டப்பாவில் போடுவார்கள், குடிக்கிற தண்ணீரில் போடுவார்கள். ஒரு நாள் வாஷிங் மெஷினுக்குள் அரிசி கிடந்தது. நான் எரிந்து விழுவேன். "சும்மா உட்காருங்க அத்தை" என்று கையைப் பிடித்துக் கொண்டுபோய் நாற்காலியில் உட்கார வைப்பேன். கொஞ்சம் அழுத்தித்தான் பிடிப்பேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

2021-இல் ஒரு சாயங்காலம். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் வேதபாடம் என் பொறுப்பு. நீடிய பொறுமை பற்றித்தான் பேசினேன். நன்றாகப் பேசினேன் என்று எல்லோரும் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து சேலைகூட மாற்றவில்லை. அத்தை வாசலிலேயே கேட்டார்கள். பதில் சொன்னேன். அடுப்படிக்கு வந்து கேட்டார்கள். பதில் சொன்னேன். எத்தனையாவது தடவை என்று தெரியவில்லை, திரும்பிப் பார்த்துக் கத்திவிட்டேன். "செத்துப் போயாச்சு! ரெண்டு வருஷமாச்சு! இன்னும் எத்தனை தடவைதான் சொல்றது?"

அத்தை அப்படியே நின்றார்கள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்து அழுதார்கள். நான் பேசாமல் பாத்திரம் கழுவினேன். அரை மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் இன்னும் கண்ணீர் வழிந்துகொண்டிருக்கிறது. "ஏன் அத்தை அழுறீங்க?" என்றேன். என் முகத்தைப் பார்த்து, "எதுக்கு அழுறேன்னு எனக்கே தெரியலையே தாயி" என்றார்கள்.

டாக்டர் சொன்னது அப்போதுதான் விளங்கியது. நான் கத்தியது அவர்களுக்கு மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை. அன்றைக்குக் குடும்ப ஜெபத்தில் என் முறை வந்தபோது வாய் திறக்க முடியவில்லை. என் கணவர்தான் ஜெபித்து முடித்தார்.

அந்த வாரம் முழுவதும் யோசித்துக்கொண்டே இருந்தேன். 27 வருடம் சொல்லிக்கொடுத்த எனக்கு ஏன் வரவில்லை? கடைசியில் என் தொழிலுக்குள்ளேயே பதில் இருந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு 'அ' என்றால் என்ன என்று நாம் விளக்கம் சொல்வதில்லை. கையைப் பிடித்து மணலில் எழுத வைக்கிறோம். மறுநாளும் எழுத வைக்கிறோம். ஒரே நாளில் நூறு தடவை எழுதச் சொன்னால் பிள்ளைக்குக் கை வலிக்கும், எழுத்து கோணும். தினம் கொஞ்சம் எழுதினால்தான் கை பழகும். ட்ரெயினிங்கில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததே இதுதான். நல்ல எழுத்துக்குத் தெரிந்த இந்த உண்மையை நல்ல குணத்துக்கு நான் பொருத்திப் பார்க்கவே இல்லை. பொறுமையை விளக்கமாகச் சொல்லிக்கொடுத்தேன். பென்சில் கொடுத்தேன். பயிற்சி கொடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

அத்தைக்கோ விளக்கம் தெரியாது. ஆனால் அறுபது வருடத்துக்கும் மேல் தினம் இரண்டு வேளை, ஒவ்வொரு பிடியாக, தன் பசிக்கு முன்னால் இன்னொருவரை வைத்துப் பழகியிருந்தார்கள். மகன் பெயர் மறந்த பிறகும் கை மறக்கவில்லை. அந்தக் கையைத்தான் நான் நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கடைக்குப் போய் ஒரு சின்ன எவர்சில்வர் தூக்குவாளி வாங்கி, அரிசி டப்பா பக்கத்தில் அத்தைக்கு எட்டும் இடத்தில் வைத்தேன். காலையில் அத்தை வந்தார்கள். ஒரு பிடி அள்ளினார்கள். வாளியைப் பார்த்தார்கள். போட்டார்கள். "ஆண்டவரே" என்றார்கள். அன்றைக்கு ஒரு மணிகூடக் கீழே சிந்தவில்லை. நானும் ஒரு பிடி அள்ளிப் போட்டேன்.

போடும்போது எனக்கு நானே ஒரு சின்னப் பாடம் வைத்துக்கொண்டேன். இனிமேல் வாழ்நாள் முழுதும் கோபப்பட மாட்டேன் என்று பொருத்தனை பண்ணவில்லை. அப்படிப் பண்ணி எத்தனையோ தடவை முறித்திருக்கிறேன். இந்தச் சோறு வடிக்கும் வரைக்கும் அத்தை கேட்பதற்கு முதல் தடவை கேட்ட மாதிரியே பதில் சொல்வேன். அவ்வளவுதான். ராத்திரி அரிசி அளக்கும்போது மறுபடியும் அதே பாடம்.

என்ன பதில் சொல்வது என்பது ஒரு சிக்கல். "வந்துருவாங்க" என்றால் பொய். "இறந்துட்டாங்க" என்றால் தினம் பத்துத் தடவை சாவு வீடு. என் கணவர்தான் ஒரு வார்த்தை கண்டுபிடித்தார். "அப்பா முன்னால போயிருக்காங்கன்னு சொல்லு. நாம நம்புறதும் அதுதானே" என்றார். அடுத்த தடவை அத்தை கேட்டபோது, "மாமா முன்னால போயிருக்காங்க அத்தை" என்றேன். அத்தை தலையை ஆட்டினார்கள். "ஆமா, வெயில் ஏறுறதுக்கு முன்னால போயிருப்பாங்க" என்றார்கள். அழவில்லை. உண்மையும் இருக்க வேண்டும், சாந்தமும் இருக்க வேண்டும் என்றால் அதற்கு ஒரு வார்த்தை தேடத்தான் வேண்டியிருக்கிறது. தேடுவதற்குச் சோம்பல்பட்டுத்தான் நான் கத்தியிருக்கிறேன்.

உடனே நான் மாறிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். டீச்சர் புத்தி போகுமா? குரலை உயர்த்திய நாளில் எல்லாம் மாதக் காலண்டரில் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்தேன். முதல் மாதம் 19 புள்ளி. மூன்றாம் மாதம் 11. நன்றாகக் குறைந்து வந்தது. பிறகு எனக்கு முழங்கால் வலி வந்த மாதம் மறுபடியும் 16. அத்தை இருந்த கடைசி முழு மாதத்தில் 4. பூஜ்யம் என்று ஒரு மாதமும் இல்லை. அந்தக் காலண்டர்களை எடுத்து வைத்திருக்கிறேன். என் பொறுமையைப் பாராட்டி எழுதிய அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்தால் காட்டுவேன்.

மாதக் கடைசியில் வாளியில் சேர்ந்த அரிசியை அளப்போம். இரண்டு பேர் கையுமாக மூன்று கிலோ பக்கம் வரும். எங்கள் தெருவைப் பெருக்க வரும் அம்மாவிடம் அத்தை கையாலேயே கொடுக்க வைப்போம். யாருக்குக் கொடுக்கிறோம் என்று அத்தைக்குத் தெரியாது. கொடுக்கும்போது முகம் மட்டும் மலரும்.

என் பழைய ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் ஒரு திருத்தம் குறித்துக்கொள்ளுங்கள். நான் கரும்பலகையில் 'கனிகள்' என்று எழுதியது தவறு. வேதத்தில் 'கனி' என்று ஒருமையில்தான் இருக்கிறது. மூல மொழியான கிரேக்கத்திலும் ஒருமைதான். அத்தனை வருடம் அதைக் கவனிக்கவில்லை. ஒன்பதையும் ஒன்பது பாடம் மாதிரி நினைத்திருந்தேன். எட்டில் பாஸ், பொறுமையில் மட்டும் கொஞ்சம் மார்க் குறைவு என்று ஆறுதல்பட்டுக்கொண்டேன். அது அப்படி இல்லை. அன்பு குறைந்த இடத்தில்தான் எனக்குப் பொறுமையும் போனது, சாந்தமும் போனது. அத்தையின் ஒரு பிடி அரிசிக்குள் அன்பு, விசுவாசம், இச்சையடக்கம் எல்லாம் சேர்ந்தே இருந்தது.

கடைசியாக ஒன்று. இதுதான் எழுதக் கஷ்டமானது. உறவினர்களுக்கு இது தெரியும்.

அதே 2021-இல், அத்தையைத் தனியாகப் பார்க்கிறேன் என்ற ஆத்திரத்தில், நம் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் என் நாத்தனாரைப் பற்றி எழுதினேன். பெற்ற மகளுக்கு வந்து பார்க்க நேரமில்லை என்கிற மாதிரி எழுதினேன். சிலர் அதற்குக் கைகூப்பும் படம் போட்டீர்கள். அவள் ஒன்றும் சொல்லாமல் குழுவை விட்டுப் போனாள். அப்போது அவளுக்கு அவள் வீட்டில் என் சுமையைவிடப் பெரிய சுமை இருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன். அத்தையின் அடக்கத்துக்கு வந்தாள். என்னோடு பேசவில்லை.

வருடம் முழுவதும் நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். போன வாரம்தான் போன் செய்தேன். "நான் எழுதினது தப்பு. தெரிஞ்சே செஞ்ச தப்பு. என்னை மன்னிச்சிரு" என்றேன். நீண்ட நேரம் சத்தமே இல்லை. பிறகு "சரி மைனி" என்றாள். "எல்லாரும் பார்க்க எழுதினதை எல்லாரும் பார்க்கவே திருத்தணும்னு நினைக்கிறேன், எழுதட்டுமா?" என்று கேட்டேன். "எழுதுங்க. என் வீட்டு விஷயம் மட்டும் வேண்டாம்" என்றாள். அதனால் அதைத் தொடவில்லை. வைக்கும் முன்னால், "அம்மாவோட வாளியில இப்ப யாரு அரிசி போடுறா?" என்று கேட்டாள். நான்தான் என்றேன். வேறொன்றும் பேசவில்லை.

அவள் முழுவதும் மன்னித்துவிட்டாள் என்று நான் சொல்ல மாட்டேன். அவள் மனசு ஆற எத்தனை நாள் ஆகுமோ, அத்தனை நாள் அவளுக்கு உண்டு. அவசரப்படுத்தக் கூடாது. இப்போது காத்திருப்பது என் முறை. அன்றைக்குக் குழுவில் என் எழுத்தை வாசித்தவர்கள் எல்லோரும் இதையும் வாசியுங்கள்.

பிள்ளைகளே, உங்களில் பலர் இப்போது வயதான தாய் தகப்பனைப் பார்த்துக்கொள்ளும் வயதுக்கு வந்துவிட்டீர்கள். சிலருக்கு ஆபீசில் ஒத்துவராத ஆள் இருப்பார்கள், வீட்டில் சொன்ன பேச்சுக் கேட்காத பிள்ளை இருக்கும். டீச்சர் ஒரே ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். பெரிதாக ஒன்றும் தீர்மானிக்காதீர்கள். தினமும் தவறாமல் செய்கிற ஒரு வேலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அரிசி அளப்பதோ, வண்டியை ஸ்டார்ட் பண்ணுவதோ, எதுவானாலும் சரி. அந்த வேலை தொடங்கும்போது, யாரிடம் உங்களுக்கு வார்த்தை தடிக்கிறதோ அவருக்காக ஒரு பிடி முதலில் எடுத்து வையுங்கள். அடுத்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் போதும். தவறினால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துவிட்டு அடுத்த வேளை மறுபடியும் தொடங்குங்கள். கர்த்தர் கிருபையில் கை பழகிவிடும்.

என் நாத்தனாருக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். எனக்காகவும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்